சாவி அடுத்த மடலில் வரும்

என் கணுக்கால் உடைந்த கதையைக் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சிரித்துவிட்டு, அப்புறம்தான் "ஐயோ பாவம்" என்றார்கள். முதியோர் இல்லங்களுக்குக் கைப்பிடிக் கம்பி செய்து விற்கிற கம்பெனியில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவள், தகமட்சு ரயில் நிலையப் படியில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கி உருண்டால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? என் கணவர் யசுஹிரோ ஒரு வாரமாக இதையே சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஆபீசில் இருக்க வேண்டியவள், மாவுக்கட்டுப் போட்ட காலை மெத்தைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, வீட்டில் என் சொந்த லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் மின்னஞ்சல் இந்த லேப்டாப்பில் வர வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குள் வந்தே ஆக வேண்டும்.

மூன்று மணிக்குக் காரணம் மிகுரியா சான். நான் தலைமை வகிக்கும் பொது நிர்வாகப் பிரிவில் கணினி வேலைகளைப் பார்ப்பவர். ஐம்பத்து நான்கு வயது. பிரிவில் அவர் ஒருவர் மட்டும்தான் ஒப்பந்த ஊழியர். மார்ச் முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கலாமா என்று ஒசாகா தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்திருந்தது. அந்த மடலுக்கே, என் ஆபீஸ் முகவரியிலிருந்தே, பதில் போக வேண்டும். இருபத்தெட்டாம் தேதி மூன்று மணிக்குள் போகாவிட்டால், பிரிவுக்கு இவர் வேண்டாம் என்று பொருள். மறந்துவிடக் கூடாது என்று அந்த மடலுக்குச் சிவப்புக் கொடி போட்டு வைத்துவிட்டு, இரண்டு வாரம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பிறகு படியில் விழுந்தேன். தப்பு முழுக்க என்னுடையது, மழுப்ப ஒன்றுமில்லை.

எட்டரைக்கே ஒசாகாவுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். "மெயில்ல அனுப்பிடுங்க. வாயால சொல்றத நாங்க பதிவு பண்ண முடியாதுங்க" என்றாள் ஒரு பெண், தேன் தடவிய குரலில்.

என் லேப்டாப்பில் ஆபீஸ் மின்னஞ்சலை வரவழைத்துத் தர வேண்டியவரும் அதே மிகுரியா சான்தான். ஒருவருடைய ஒப்பந்தத்தைப் பற்றி, முறையான அறிவிப்பு வரும்வரை, அவரிடமே மூச்சு விடக் கூடாது என்பது விதி. ஆக, எதற்கு இந்த அவசரம் என்று அவரிடம் நான் சொல்ல முடியாது.

ஒன்பது மணி தாண்டியதும் அவரே கூப்பிட்டார். நான் அவர் பெயரோடு மரியாதைக்கு 'சான்' சேர்த்துக் கூப்பிடுவேன், என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிரிவுத் தலைவி, ஆகவே எப்போதும் காச்சோ.

"காச்சோ, உங்க சொந்த மெயிலுக்கு ஒரு கோப்பு அனுப்பியிருக்கேன். அதுல இருக்கறத அப்படியே செஞ்சா போதும். வந்துச்சுங்களா?"

"வந்துருச்சு. தொறந்தா பாஸ்வேர்டு கேக்குது."

"ஆமாங்க, பூட்டித்தான் அனுப்பணும். பாஸ்வேர்டு அடுத்த மெயில்ல வரும்."

"அடுத்த மெயில் ஒண்ணும் வரலியே."

"ஒம்பது நாலுக்கே அனுப்பிட்டேனே."

"எங்க அனுப்புனீங்க?"

"உங்க ஆபீஸ் மெயிலுக்குங்க."

காதில் விழுந்தது சரிதானா என்று எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

"மிகுரியா சான், ஆபீஸ் மெயில் இங்க வரலன்னுதான நாம பேசிட்டிருக்கோம்?"

"ஆமாங்க."

"அது வரணும்னா இந்தக் கோப்பத் தொறக்கணும்."

"ஆமாங்க."

"கோப்பத் தொறக்க பாஸ்வேர்டு வேணும்."

"ஆமாங்க. அது ஆபீஸ் மெயில்ல இருக்குங்க."

மனிதர் கிண்டல் செய்யவில்லை. கிண்டல் அவருக்கு வராது. கோப்பை ஒரு மடலில் பூட்டி அனுப்பிவிட்டு, அதன் சாவியை அடுத்த மடலில் அனுப்புவது எங்கள் ஊர்க் கம்பெனிகளில் குனிந்து வணங்குவது மாதிரி ஒரு மரியாதை. முதல் மடலைத் திருடியவன் இரண்டாவதையும் திருட மாட்டானா என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் கம்பெனி இன்னும் ஒருபடி மேலே போய், சாவியை ஆபீஸ் முகவரிக்கு மட்டுமே அனுப்ப வேண்டும் என்று ஆக்கியிருந்தது.

"போன்லயே சொல்லிடுங்களேன்."

"பாஸ்வேர்ட வாயால சொல்லக் கூடாதுன்னு பதினோராவது விதி இருக்குங்க." கொஞ்சம் தயங்கினார். "அதுல காச்சோவோட முத்திரையும் இருக்குங்க."

இருக்கும். ஒரு நாளைக்கு முப்பது காகிதம் சுற்றில் வரும், முப்பதிலும் கையெழுத்துக்குப் பதில் என் முத்திரையைக் குத்துவேன். எதையாவது படித்தேனா என்று கேட்காதீர்கள்.

"விதிவிலக்குன்னு ஒண்ணு இருக்குமே?"

"அதுக்கு ஒரு படிவம் இருக்குங்க. காச்சோ முத்திரை குத்துனா போதும்."

"என் முத்திரை எங்க இருக்கு?"

"உங்க மேசை டிராயர்ல. பூட்டி வச்சிருக்கீங்க."

"சாவி?"

"உங்ககிட்டதாங்க இருக்கும்."

என் கைப்பையைப் பார்த்தேன். சாவிக்கொத்து அதில் சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. யசுஹிரோவிடம் கொடுத்தனுப்பலாம் என்றால், என் முத்திரையை வேறு யார் கையும் தொடக் கூடாது என்பது இன்னொரு விதி. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. போனை வைத்துவிட்டு, கோப்பே இல்லாமல் நானாகச் செய்து பார்க்கிறேன் என்று இறங்கினேன். லேப்டாப் என் முகவரியைக் கேட்டது, கொடுத்தேன். உள்வரும் சர்வர் எது என்றது. வெளிச்செல்லும் சர்வர் எது என்றது. உள்ளே வருவதற்கும் வெளியே போவதற்கும் தனித்தனி வாசலா? ஒரு பெயரை நானே ஊகித்துப் போட்டேன். பத்து நிமிடம் வட்டம் சுற்றிவிட்டு, இணைக்க முடியவில்லை என்றது. இன்னொன்று போட்டேன். அதற்கும் அதே பதில். எது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாமல் தப்பு, தப்பு என்று மட்டும் சொன்னால் என்ன செய்வது? சர்வரைத் திட்டினேன், விதியைத் திட்டினேன், காலைத் திட்டினேன்.

படகுத் துறையில் வேலை பார்க்கும் யசுஹிரோவுக்கு அன்று விடுமுறை. சூடான உதோன் நூடுல்ஸில் முட்டை உடைத்து ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்.

"மெயில் வந்துச்சா?"

"பெட்டியோட சாவி பெட்டிக்குள்ளயே இருக்கு."

"ஒடச்சிட வேண்டியதுதான? ஒடைக்கறதுல நீதான் கெட்டிக்காரியாச்சே."

"நூடுல்ஸ வச்சிட்டுப் பேசாமப் போங்க."

மணி ஒன்றரை. மறுபடியும் மிகுரியா சானைக் கூப்பிட்டேன். பதற்றமெல்லாம் கோபமாக வெளியே வந்தது.

"என்ன விதிங்க இது? கம்ப்யூட்டர் வேல பாக்கறவர் நீங்க. இது கோணலா இருக்கு, மாத்துங்கன்னு யாருக்காவது எழுதிக் கொடுத்தீங்களா?"

மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார்:

"கொடுத்தேங்க. டிசம்பர் மாசம். உங்க மேசையில எடது தட்டுல, அடியில இருக்குங்க."

எனக்கு அசடு வழிந்தது. அந்தத் தட்டு எனக்குத் தெரியும். அப்புறம் பார்க்கலாம் என்று நான் வைக்கிற எல்லாம் அதில்தான் கிடக்கும்.

மணி இரண்டே கால் ஆனது. ஒரே ஒரு வழிதான் பாக்கி. என் ஆபீஸ் கணினியை யாராவது திறந்து, சாவி மடலைப் படித்துச் சொல்ல வேண்டும். அப்படித் திறக்க என் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும், அது விதிமீறல்களிலேயே பெரியது. அதைவிடப் பெரிய சங்கடம், அங்கே சிவப்புக் கொடியோடு அவர் பெயர் போட்ட மடல் இருக்கிறது. வேறு யாரையாவது உட்கார வைக்கலாம் என்றால், பிரிவில் மீதிப் பேர் எல்லாரும் வருடாந்திரக் கணக்கெடுப்புக்குக் கிடங்குக்குப் போயிருந்தார்கள்.

"மிகுரியா சான், என் மேசைக்குப் போங்க. என் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டச் சொல்றேன்."

"வேண்டாங்க, காச்சோ. கேட்டா அத விதிமீறல்னு நான் ஒசாகாவுக்கு எழுதிக் கொடுக்கணும்."

"எழுதிக் கொடுங்க. இப்ப கேட்டுக்கங்க." செத்துப்போன எங்கள் பூனையின் பெயரையும் அது செத்த வருடத்தையும் சொன்னேன்.

"என் பேரு இல்லியா?" என்றார் யசுஹிரோ சமையலறையிலிருந்து.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அந்த அமைதி ரொம்ப நீளமாக இருந்தது.

"மிகுரியா சான்?"

"இருக்கேங்க. சொல்லட்டுங்களா?" அதே குரல், அதே நிதானம். பன்னிரண்டு எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். கோப்பு திறந்துகொண்டது. அதில் இருந்த சர்வர் பெயர்கள் நான் ஊகித்தவற்றுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. எல்லாம் போட்டு முடித்ததும் லேப்டாப், நீங்கள் நீங்கள்தானா என்று உறுதிசெய்ய உங்கள் தொலைபேசியில் ஒரு எண் சொல்லப்படும் என்றது.

என் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சும்மா கிடந்தது.

"காச்சோ, உங்க மேசை போன் அடிக்குதுங்க."

"எடுங்க! எடுத்து, நான்தான்னு சொல்லுங்க!"

"ஒரு மெஷின் பேசுதுங்க. ஆறு எண் சொல்லுது."

அதையும் அடித்தேன். இரண்டு ஐம்பத்தொன்றுக்கு ஒரு வாரத்து மடல்கள் மொத்தமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. சிவப்புக் கொடியைத் தேடிப் பிடித்தேன். இவ்வளவு அவசரத்திலும் என் விரல்கள் "எப்போதும் உங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று அடித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தன. மிகுரியா அவர்களின் ஒப்பந்தத்தைக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டுகிறேன். இரண்டு ஐம்பத்தாறுக்கு மடல் போய்விட்டது.

"வந்துருச்சுங்களா, காச்சோ?"

"வந்துருச்சு. பெரிய உதவிங்க."

"நல்லதுங்க. அந்தச் சிவப்புக் கொடி மெயில நான் பாக்கலீங்க."

பார்க்காதவருக்குக் கொடியின் நிறம் எப்படித் தெரியும்? தன் பெயரும், இன்று மூன்று மணி என்ற கெடுவும் கண்முன்னால் இருக்க, அரை மணி நேரம் என் நாற்காலியில், கையில் மவுசோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். ஒரு பொத்தானை அழுத்தி ஒரு வரி அடித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அது போனது என் கையால் என்றுதான் உலகம் நம்பியிருக்கும். அவர் அதைத் தொடவில்லை. எனக்கு எண் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அவரிடம் கத்தியதை நினைத்து வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்று பத்துக்கு ஒசாகாவுக்கு ஒரு மடல் போனது, எனக்கும் ஒரு பிரதி வந்தது. விதிமீறல் அறிக்கை. "பிற்பகல் 2.20 முதல் 2.51 வரை பிரிவுத் தலைவியின் கணினியை அவருடைய கடவுச்சொல்லால் திறந்து பயன்படுத்தினேன். பொறுப்பு என்னுடையது. மிகுரியா." ஒப்பந்தம் தொங்கலில் இருக்கிற மனுஷன், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாருக்கும் போகிற மாதிரி பதில் எழுதினேன். வேண்டாம் என்றார் அவர், உட்கார வைத்தது நான். இந்த விதியை மாற்றச் சொல்லி டிசம்பரிலேயே அவர் எழுதிக் கொடுத்தார், படிக்காமல் தட்டின் அடியில் போட்டதும் நான். அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கால் விண்விண்ணென்று தெறித்தது.

நாலரைக்கு ஒசாகாவிலிருந்து பதில் வந்தது. பூட்டிய கோப்பு. சாவி அடுத்த மடலில் வரும். யசுஹிரோ என் தோளுக்குப் பின்னால் நின்று, "இந்தத் தடவ எங்க அனுப்பியிருக்காங்களோ" என்றார். சிரிக்கத் தோன்றவில்லை. இரண்டு நிமிடம் கழித்து அது என் பெட்டியிலேயே வந்து விழுந்தது.

திறந்தேன். நான் முத்திரை குத்திய மன்னிப்புக் கடிதம் ஒன்று தர வேண்டுமாம். அதற்குக் கீழே, ஒப்பந்தப் புதுப்பிப்பு ஏற்கப்பட்டது. சம்பந்தப்பட்டவருக்கு மார்ச் பத்தாம் தேதி அறிவிக்கப்படும், அதுவரை ரகசியம்.

போனை எடுத்தேன்.

"மிகுரியா சான், அந்த டிசம்பர் காகிதம் ரொம்பப் பழசாப் போச்சு. ஏப்ரல் மாசம் புதுசா எழுதி என் கையிலயே கொடுங்க. அன்னிக்கே படிக்கிறேன்."

"ஏப்ரல்லயாங்க?"

"ஏப்ரல்லதான். எனக்கு மார்ச்சுல நேரமில்ல."

போனுக்கு அந்தப் பக்கம் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. என் காலி மேசையின் முன்னால் அவர் எழுந்து நின்று, இடுப்பு வரை குனிந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் மாவுக்கட்டுக் காலோடு, முடிந்தவரை குனிந்தேன்.