திரைக்குப் பின்னால் இரண்டு ஜோடி

பல் டாக்டர் வாங்கிய புது ஸ்பீக்கர்கள் அவருடைய தோள் உயரம் இருந்தன. ஹாலில் நிறுத்தியதும், உட்காரச் சொல்லியும் உட்காராத இரண்டு விருந்தாளிகள் போலத் தெரிந்தன. வீட்டில் விலை சொல்லும்போது ஒரு சைபரை விழுங்கிவிட்டார். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் வேலை. விழுங்கிய சைபரும் அவர் காதில் விழுந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்தது மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து இரண்டு பாட்டுக் கேட்டுவிட்டு, "மாமா, பழைய ஸ்பீக்கரும் இப்படித்தானே பாடுச்சு?" என்றான்.

டாக்டருக்குச் சுருக்கென்றது. "உனக்கு லிஃப்ட் மணிதான்டா சங்கீதம். இதுல வயலின் கம்பியில வில்லு உரசுறதுகூடத் தனியாக் கேக்குது."

"பாக்காம சொல்லுவீங்களா?"

"தூக்கத்துல எழுப்பிக் கேளு, சொல்றேன்."

அரை மணி நேரத்தில் பரணில் இருந்த பழைய ஸ்பீக்கர்கள் இறங்கி வந்தன. புதியவற்றுக்குப் பக்கத்திலேயே அவற்றை வைத்து, முன்னால் ஒரு மெல்லிய ஜன்னல் திரையைக் கட்டினார்கள். மச்சான் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் இஷ்டத்துக்கு இதையும் அதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் குறித்துக்கொண்டான். பத்துத் தடவையில் டாக்டர் ஒன்பது சரியாகச் சொன்னார்.

"எப்படி?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இருங்க," என்றார் மனைவி. "புதுசு கொஞ்சம் சத்தமாப் பாடுது. சத்தமா இருந்தாலே நல்லா இருக்கிற மாதிரித் தோணும்." கைப்பையிலிருந்து சத்தம் அளக்கும் கருவியை எடுத்து, இரண்டு ஜோடியும் ஒரே அளவில் ஒலிக்கும்படி வைத்தார். "இப்பச் சொல்லுங்க."

இந்த முறை டாக்டர் தலையைச் சாய்த்தார், கண்ணை இறுக்கினார், ஒரு தடவை மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். பத்துக்கு ஐந்து.

"காசைச் சுண்டிப் போட்டாலே அஞ்சு வரும், மாமா!" திரைக்குப் பின்னாலிருந்து மச்சான் சிரித்தான்.

டாக்டர் முகம் தொங்கிப்போனது. அதைப் பார்க்கச் சகிக்காமலோ, வெறும் ஆசையாலோ, "நகருங்க, நான் உக்கார்றேன்," என்றார் மனைவி. ஒவ்வொரு தடவையும் யோசிக்காமல் சொன்னார். பத்துக்குப் பத்து.

"பாத்தியா!" டாக்டர் துள்ளி எழுந்தார். "ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தான்! நான் சொன்னேன்ல..." பாதியிலேயே குரல் இறங்கியது. ஸ்பீக்கர் ஜெயித்துவிட்டது. தோற்றது எது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

திங்கட்கிழமை மனைவியின் பரிசோதனை அறையில், காதில் ஹெட்போனோடு பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்த காகிதத்தில் கோடு பாதிவரை ஒழுங்காகப் போய், பிறகு படி இறங்கியிருந்தது.

"கீச்சுச் சத்தமெல்லாம் உங்களுக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. வயசும் இருக்கலாம். இருபத்தெட்டு வருஷமாக் காதுகிட்டயே டிரில்லும் ஓடுதுல்ல? பேச்செல்லாம் நல்லாவே கேக்கும்."

"நீ கூப்பிட்டாச் சில சமயம் கேக்க மாட்டேங்குதே?"

"அது வேற வியாதி. அதுக்கு எங்கிட்ட மெஷின் இல்ல."

மறுநாள் முதல் டாக்டர் காதில் பஞ்சு அடைப்பான் வைத்துக்கொண்டு பல் பார்த்தார். ஸ்பீக்கரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு மாலை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தொட்டுப் பாருங்க," என்றார் மனைவி, சாய்வு நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டு. "சும்மா இருக்கிற நேரத்துக்கு அந்த ரெண்டையும் சுவத்துலேர்ந்து ஓரடி முன்னால இழுத்து வையுங்க. பேஸ் சத்தம் ரொம்பக் கும்முது."

டாக்டர் இழுத்து வைத்தார். கும்முவது நின்றது. அது அவருக்கே கேட்டது. உற்சாகத்தில் இன்னும் அரையடி இழுத்தார்.