பின் சீட்டின் உயரம்

இந்தக் காலத்தில் ஒரு கிழவன் கடைக்குள் நுழைந்தால் யாரும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. அவனுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்றுதான் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார்கள். மகன் வருகிறானா, மருமகன் வருகிறானா, பேசத் தகுந்த ஆள் யாராவது வருகிறார்களா என்று. யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறார்கள். சம்மட்டியார் இதை மருந்துக் கடையில் பார்த்திருக்கிறார், வங்கியில் பார்த்திருக்கிறார், தன் மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே பார்த்திருக்கிறார். இப்போது மோட்டார் சைக்கிள் ஷோரூமிலும் பார்த்தார். வாசல் காவலாளி மட்டும் அவரைப் பார்த்ததும் விசுக்கென்று எழுந்து நின்றான். அது மரியாதை இல்லை. அவர் கையில் இரண்டரை அடி இரும்புக் கம்பி இருந்தது.

"உள்ள வாங்க சார். வண்டி யாருக்கு, பேரனுக்கா?" என்றான் டை கட்டிய விற்பனைக்காரன்.

"ஏன், எனக்குக் காலு இல்லையா?"

பாய்லர் பட்டறையில் முப்பத்தெட்டு வருடம் தகடு அடித்தவர். முதலில் அடி, அப்புறம்தான் பேச்சு என்பதால் கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் சம்மட்டி. ஓய்வு பெற்றபோது கூடவே ஒரு 'ஆர்' ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைதான். அதனால் எழுதி வைத்த எதையும் அவர் நம்புவதில்லை, அளந்து பார்த்ததைத்தான் நம்புவார்.

வழவழப்பான தரையில் பெரிய குரூசர் வண்டிகள் வரிசையாகச் சாய்ந்து நின்றன, தீனி தின்றுவிட்டு அசைபோடும் எருமைகள் மாதிரி. சம்மட்டியார் எந்த வண்டியின் முன்பக்கத்தையும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் போய்க் குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து பின் சீட்டு வரை கம்பியை நிறுத்தி, கம்பியில் ரம்பத்தால் போட்டிருந்த கோட்டைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அடுத்த வண்டிக்குப் போனார். விற்பனைக்காரன் அவர் வலப்பக்கமாக வந்து குதிரைத்திறன், முறுக்குவிசை என்று என்னென்னவோ சொன்னான். சம்மட்டியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திமிர் பிடித்த கிழவன் என்று நினைத்திருப்பான். பிறகு அவன் ஒரு வழவழத்த தாளை அவர் மூக்குக்கு நேரே நீட்டினான்.

"எதுக்கு சார் கம்பி? சீட்டு உயரம் எல்லாம் இதுலயே இருக்கு."

"யாரு சீட்டு?"

அவன் தாளைத் திருப்பிப் பார்த்தான். "ஓட்டுறவங்க சீட்டு."

"பின்னாடி உக்காருற ஆளுக்கு?"

அவன் தாளின் மறுபக்கத்தைப் பார்த்தான். மடிப்பை விரித்துப் பார்த்தான். டேங்க் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று இருந்தது, சக்கரத்தில் எத்தனை கம்பி என்று இருந்தது. பின் சீட்டு உயரம் எங்கேயும் இல்லை.

"பாத்தியா தம்பி," என்றார் சம்மட்டியார். "பின்னாடி உக்காருற ஜீவனைப் பத்தி ஒருத்தனும் ஒரு வரி எழுதல. இதுல என்னை நம்பச் சொல்றே."

பின்னால் உட்காரப்போகிற ஜீவன் அவர் மனைவி. தையல்காரி. நாற்பது வருடம் மிஷினை மிதித்து மிதித்து இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வீட்டில் இருந்த பழைய நூறு சிசி வண்டி வத்தலும் தொத்தலுமாக இருந்தாலும் அதன் சீட்டு என்னவோ மச்சு உயரம். எட்டு மாதத்துக்கு முன் தபால் நிலைய வாசலில் அவள் அதில் காலைத் தூக்கிப் போடும்போது முழங்கால் பாதியில் பூட்டிக்கொண்டது. தரையில் விழுந்தாள். அடி பெரிதில்லை. ஆனால் அன்றோடு வியாழக்கிழமைகள் நின்றுபோயின. வியாழன்தோறும் தைத்த துணிகளை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, இருவரும் அணைக்கட்டு சாலையில் மேலே வரை போய், மதகின் பக்கத்தில் நின்று, ஒன்றும் பேசாமல் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். அவ்வளவுதான். அந்த அவ்வளவும் போன பிறகு அவள் மிஷினை ஜன்னலை விட்டுச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பழைய பட்டறையிலிருந்து பலகைகளைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின்மேல் காலைத் தூக்கிப் போட்டு உட்காரச் சொன்னார். நாலாவது பலகை வரை அவள் ஏதோ கேலி பேசிக்கொண்டே உட்கார்ந்தாள். ஐந்தாவதில் பேச்சு நின்றது. பேச்சு நின்ற பலகையை எடுத்துவிட்டு, மிச்ச உயரத்துக்குக் கம்பியில் கோடு போட்டார்.

ஏழாவது வண்டியில் கோடும் சீட்டும் சரியாகச் சேர்ந்தன. கறுப்பு வண்டி. அகலமான பின் சீட்டு, பின்னால் மெத்தை வைத்த முதுகுச் சாய்மானம். சம்மட்டியார் அந்தச் சாய்மானத்தை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. "நாளைக்கு ஓட்டிப் பாக்கணும். ஆளோட வருவேன்," என்றார்.

வீட்டில் மகள் குதித்தாள். அவள் எலும்பு முறிவு வார்டில் நர்ஸ்.

"அறுபத்தெட்டு வயசுல யாராவது பெரிய வண்டிக்கு மாறுவாங்களாப்பா? எங்க வார்டுக்கு வந்து பாருங்க. கட்டிலுக்குக் கட்டில் காலைத் தூக்கிக் கட்டி வச்சிருக்கோம். பாதிப் பேரு வண்டியில போனவங்க."

"மீதிப் பாதி?"

"குளியலறையில வழுக்கினவங்க."

"அப்ப முதல்ல குளிக்கிறதை நிறுத்தச் சொல்லு."

"விளையாடாதீங்கப்பா. கார் இருக்கு, நான் இருக்கேன். அம்மாவை எங்க போகணுமோ நான் கூட்டிட்டுப் போறேன்."

அதுவரை வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு பித்தான் தைத்துக்கொண்டிருந்த தையல்காரி ஊசியை எடுத்தாள். "நீ கூட்டிட்டுப் போறே கண்ணு, இல்லேங்கல. ஆனா பின்னாடி ஏத்தி, பெல்ட்டைப் போட்டு, கதவைச் சாத்தி, என்னவோ பார்சல் அனுப்புற மாதிரி இருக்கு. எனக்குக் காத்து படணும்." பிறகு கணவரிடம், "எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கான்?" என்றாள்.

மறுநாள் மகளே காரில் கொண்டுவந்து இறக்கினாள், நடக்கிறதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று. தையல்காரி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்துக் காலைப் போட்டாள். போட்டது தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள். முகம் சுருங்கவில்லை. சாய்மானத்தில் முதுகை வைத்துக்கொண்டு, "அடேயப்பா, நாட்டாமை நாற்காலி," என்றாள். விற்பனைக்காரன் கை தட்டினான். சம்மட்டியார் மகளைப் பார்த்தார். மகள் வேறு பக்கம் பார்த்தாள்.

வண்டி கிளம்பிய முதல் இரண்டு தெரு வெண்ணெய் மாதிரி போனது. மூன்றாவது தெருவில்தான் சம்மட்டியாருக்கு ஏதோ குறைவதாகத் தோன்றியது. வண்டியில் இல்லை, தன் உடம்பில். பட்டறைச் சத்தத்தில் அவருடைய வலது காது இளவயதிலேயே செத்துவிட்டது, இடது காதும் கிட்ட நின்று பேசும் பேச்சுக்கு மட்டும்தான் பிடிக்கும், தெருச் சத்தம் ஏறாது. அது அவருக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. ஊரார் அவரைத் திமிர்க்காரர் என்றார்கள். செவிடன் என்பதைவிட அது தேவலை என்று விட்டுவிட்டார். வண்டிக் கண்ணாடியை அவர் பார்ப்பார், நம்பமாட்டார். சாலையில் அவருக்கு வலது காது அவள்தான். வலது தோளில் ஒரு தட்டு என்றால் பின்னால் வண்டி வருகிறது. இரண்டு தட்டு என்றால் போய்விட்டது. இடுப்பில் கிள்ளினால் மெதுவாகப் போ. நடுமுதுகில் குத்து விழுந்தால் அதற்கும் போக்குவரத்துக்கும் சம்பந்தமில்லை, வீட்டில் ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். இத்தனை வருடத்தில் இதை அவர்கள் ஒருநாளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை. தானாக வந்தது. இப்போது மூன்று தெரு தாண்டியும் தோளில் ஒன்றுமே விழவில்லை. சாலை காலியாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார்.

சாலை காலியாக இல்லை. தையல்காரி பின்னால் கையை நீட்டிக்கொண்டுதான் இருந்தாள். முதுகு சாய்மானத்தில் இருந்தால் விரல் நுனி அவர் சட்டையைத் தொட்டது, அவ்வளவுதான். முன்னால் குனிந்தால் பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கி உயிர் போனது. ஷோரூம் வாசலுக்குத் திரும்புவதற்காக அவர் வலப்பக்கம் ஒதுங்கியபோது பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டு வந்தது. தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் பார்க்கவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவர் பிரேக்கை மிதித்தார். பஸ்ஸின் பக்கத் தகடு ஒரு முழத் தூரத்தில், ஜன்னல் ஜன்னலாக, அவர் கண்ணெதிரே ஓடி முடிந்தது.

மகள் ஓடிவந்தாள்.

"அவ்வளவு பெரிய ஹாரன் உங்களுக்குக் கேக்கலையாப்பா?"

சம்மட்டியார் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். மகள் அவர் வலப்பக்கம் போய் நின்று மெல்ல "அப்பா" என்றாள். அவர் திரும்பவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள்.

"எத்தனை வருஷமாம்மா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியிருந்து."

"அப்ப என்னை ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விட்டது?"

"நடுவுல நீ, பின்னாடி நான். உன் தலைக்கு மேல கையை நீட்டித் தட்டுவேன். ஒருநாளாவது உனக்கு ஒரு கீறல் விழுந்திருக்கா?"

"கடவுளே! இனிமே வண்டியே வேண்டாம்னு சொல்லும்மா. நீயாவது சொல்லு."

விற்பனைக்காரன் குறுக்கே வந்தான். ஹெல்மெட்டுக்குள் பொருத்துகிற ஸ்பீக்கர் இருக்கிறதாம், அம்மா பேசினால் சாரின் காதுக்குள்ளேயே கேட்குமாம், கொஞ்சம் கூடுதல்தான் ஆகுமாம். சம்மட்டியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "போற வழி முழுக்க இவ என் காதுக்குள்ள பேசணுமா? பஸ்ஸே தேவலை."

தையல்காரி இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை. பையைத் திறந்து அளவு நாடாவை எடுத்தாள். சாய்மானத்தில் முதுகை ஒட்ட வைத்து, நாடாவின் ஒரு முனையைத் தன் தோளில் பிடித்துக்கொண்டு, மறுமுனையை அவர் தோள் வரை நீட்டினாள். பிறகு தன் கையை அளந்தாள். கணக்குப் போடும்போது அவள் உதடு அசைவது அவருக்குத் தெரியும், துணி வெட்டும் முன் அப்படித்தான்.

"நாலு விரக்கடை பத்தல," என்றாள். "என் காலை அளந்தீங்களே மகராசா, கையை அளந்தீங்களா? ஊரு உடம்பை எல்லாம் அளந்து தச்சவ ஒருத்தி வீட்டுலயே இருக்கா. அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணல."

சம்மட்டியாருக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் தப்பில்லை. தோள் இருக்கிறதா என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை, அந்த மாதிரி தோளில் விழுகிற கையையும் அவர் அளக்காமல் விட்டுவிட்டார்.

"இந்தச் சாய்மானத்தை நாலு விரக்கடை முன்னாடி தள்ள முடியுமா?" என்றாள் அவள்.

சம்மட்டியார் வண்டியின் பின்னால் குந்தி உட்கார்ந்து அடியில் தலையை விட்டார். நாலு போல்ட்டு. இரண்டு தாங்குத் தகடு. புதுத் தகடு வெட்டித் துளை போட்டால் ஒரு மத்தியான வேலை.

"முடியும். தள்ளிக் குடு தம்பி. இல்ல, தகட்டைக் கழட்டிக் குடு, நானே அடிச்சுட்டு வர்றேன்."

"ஐயோ சார், டெலிவரிக்கு முன்னாடி கை வைக்க முடியாது. கை வச்சா வாரண்டி போயிடும்."

"பொண்டாட்டி கை எட்டாத வண்டிக்கு வாரண்டி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"நீங்க எடுத்துட்டுப் போய் அப்புறம் மாத்திக்கோங்க சார். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க. இன்னைக்குப் புக் பண்ணிடுங்க, ஆஃபர் நாளைக்கு முடியுது."

இதைத்தான் சம்மட்டியாரால் நம்ப முடிவதில்லை. நாளைக்கு முடிகிற எதுவும் நல்லதாக இருந்து அவர் பார்த்ததில்லை. "முதல்ல எட்டட்டும். எட்டினா கையெழுத்து. உங்க பெரியவன்கிட்டச் சொல்லு," என்று கம்பியை எடுத்துக்கொண்டார்.

"அப்பா, நான் இவ்வளவு சொல்லியும் நீங்க இன்னும்..." மகள் போய்க் கார்க் கதவைத் திறந்தாள். "அம்மா, கார்ல ஏறு. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

தையல்காரி கணவரின் தோளைப் பிடித்து இறங்கினாள். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "பஸ் ஸ்டாப்பு கிட்டதான் இருக்கு. மெதுவா நடந்து வர்றோம், நீ போ," என்றாள்.

இருவரும் நடைபாதையில் நடந்தார்கள். அவள் அவர் வலப்பக்கம், அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. அவளுக்காக அவர் அரை அடியாக எடுத்து வைத்தார். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். அந்தத் தகடு ரொம்ப மெலிசு, வெல்டிங்கும் ஒழுங்கில்லை, சீட்டுக்குள்ளே பஞ்சுதான் இருக்கிறதா வேறு எதையாவது அடைத்திருக்கிறானா என்று அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். முன்னால் ஒரு நாற்காலிக் கடையின் பெரிய கண்ணாடி வந்தது. அதில் அவர்கள் இருவரும் தெரிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், நடைபாதையை ஒட்டி, மகளின் கார் நத்தை மாதிரி ஊர்ந்து வந்தது. மகளின் உள்ளங்கை ஸ்டியரிங்கின் நடுவில், ஹாரன்மேல், அழுந்தி இருந்தது. எதிரே வருகிறவர்கள் எல்லாம் காதைப் பொத்தினார்கள்.

சம்மட்டியார் கண்ணாடியில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் கேட்காதவள் மாதிரி நேரே பார்த்து நடந்துகொண்டிருந்தாள். முழங்கையில் இருந்த அவள் விரல்கள் அசையவே இல்லை, ஒரு தட்டுகூட இல்லை.

"மெலிசுத் தகடு," என்று மறுபடியும் சொல்லிக்கொண்டு, அவர் நடந்தார்.