ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

ரத்தினம்மாள் அத்தை இன்னொரு இட்லியைத் தட்டில் வைத்தாள். கார்த்திகேசன் முதல் இட்லியையே இன்னும் விழுங்கி முடிக்கவில்லை. அப்பாவை எடுக்கும்வரை வாயில் ஒன்றும் படாமல் கிடக்க வேண்டிய பிள்ளை, புவனகிரியில் அத்தை வீட்டுத் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். தின்னாமல் எழுந்தால் அத்தை விடமாட்டாள். என்னடா, ஏன்டா என்று இரண்டு தரம் கேட்டால் போதும், அவன் அங்கேயே உடைந்துவிடுவான்.

அத்தை அப்பாவுடன் கூடப் பிறந்தவள். கடலூர் ஆஸ்பத்திரியில் அண்ணன் விடியற்காலையில் கண்ணை மூடிவிட்டது அவளுக்குத் தெரியாது. இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "பரவால்லத்த, தூங்குறாரு" என்றான். இதற்காக அத்தை தன்னை ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டே சட்னியைத் தொட்டான்.

எல்லாம் அம்மாவின் ஏற்பாடு. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாலதி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மகனின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போய், "கயலுக்குத் தெரியக் கூடாது. பரீட்ச முடியட்டும். ஒரு வருஷமா மனுசன் இதுக்குத்தான்டா உக்காந்து கெடந்தாரு" என்றாள். அத்தைக்கும் சொல்லாதே, அவளுக்கு மறைக்கத் தெரியாது, ஒரே கூச்சலில் ஊரைக் கூட்டிவிடுவாள் என்றும் சொன்னாள். தங்கை கயல்விழிக்கு நீட் எழுதச் சிதம்பரத்தில் சென்டர் விழுந்திருந்தது. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து அன்றைக்குக் கிளம்பினால் அலைச்சல் என்று முந்தின நாளே அவளை அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அப்பாவே படுத்துக்கொண்டு போட்ட உத்தரவு அது.

கயல்விழி குளித்து, அரைக்கை சுடிதார் போட்டுக்கொண்டு வந்தாள். கார்த்திகேசன் முதல் வேலையாக அவள் போனைக் கேட்டு வாங்கினான். சித்தப்பா மகன் கண்ணீர் அஞ்சலி என்று படம் போட்டு ஸ்டேட்டஸ் வைத்திருந்ததை வரும் வழியில்தான் கெஞ்சி எடுக்கச் செய்திருந்தான். எடுப்பதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ. அவளோ, ஆப்பில் கடைசியாக ஒரு கெமிஸ்ட்ரி டெஸ்ட் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். "போதும், அதுக்கும் ரெஸ்ட் குடு" என்று போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அங்கே அப்பாவின் தைல டப்பா இடித்தது.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

போன வருஷம் கயல்விழி நீட் எழுதப் போனபோது கேட்டிலேயே மூக்குத்தியைக் கழற்றச் சொன்னார்கள். திருகு இறுகிப்போய்க் கழலவில்லை. யாரோ சோப்புத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மூக்கு சிவந்து, ரத்தம் கசிந்து, கதவு சாத்தப் போகிற நேரத்தில் அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். கை நடுக்கம் நிற்கவே பிசிக்ஸ் பாதி போய்விட்டது. மார்க் வந்தபோது அப்பா கொளஞ்சி மகளைத் திட்டவில்லை. "எம் பொண்ணு பரீட்சையில தோக்கல, கேட்டுல தோத்துட்டா" என்று தெருவில் நின்று நியாயம் பேசினார்.

அதற்கு அவரே ஒரு வைத்தியமும் கண்டுபிடித்தார். குட்டியானை லாரி ஓட்டி ஊர் ஊராகச் செங்கல்லும் சிமெண்டும் இறக்குகிற மனிதர், ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுப்பதையே நிறுத்திவிட்டார். கடலூர் கோச்சிங் சென்டரில் கொடுத்த கேள்வித்தாளும், ஜெராக்ஸ் கடையில் வாங்கிய, விடைக்கு வட்டம் நிரப்புகிற ஓஎம்ஆர் தாளும் வாரா வாரம் தயாராக இருக்கும். சாப்பாடு முடிந்ததும் வீடு பரீட்சை ஹாலாகிவிடும். டிவி கிடையாது. குக்கர் விசில் கிடையாது. எதிர்வீட்டில் துணி துவைத்தால் இவரே போய்ச் சொல்லிவிட்டு வருவார். வாசற்படியில் டிவி ரிமோட்டோடு நின்று மகளை மறித்து, தோளிலிருந்து கை வரைக்கும் அதைத் தடவி, வாயாலேயே பீப் என்று சத்தம் கொடுப்பார். "மூக்குத்தி, தோடு, கொலுசு எல்லாம் கழட்டும்மா." கழற்றியதைத் தீர்ந்துபோன ஒரு தைல டப்பாவில் வாங்கிப் போட்டுக்கொள்வார். வாரா வாரம் கழற்றிக் கழற்றி மூக்குத்தித் திருகு எண்ணெய் போட்டதுபோல இளகிவிட்டது.

ஒருநாள் கயல்விழி, நீங்க மட்டும் மோதிரம் போட்டுக்கிட்டு ஹாலுக்குள்ள வரலாமா என்று அவரை மடக்கினாள். கல்யாணத்தன்று மாமனார் போட்ட ஐம்பொன் மோதிரம், விரல் பெருத்து அதிலேயே புதைந்து கிடந்தது. "இது நான் கட்டையில போறன்னிக்குத்தான்டி கழலும்" என்று சிரித்தார். மாலதி அடுப்படியிலிருந்து, வாயைக் கழுவுங்க என்று சத்தம் போட்டாள். பரீட்சை ஹாலில் சத்தம் கூடாது என்று அவளுக்கும் ஒரு அதட்டல் விழுந்தது.

பரீட்சை முடியும் மட்டும் அவர் உட்காரமாட்டார். வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே இருப்பார். நடக்கும்போது சட்டைப் பையில் டப்பா கிணுகிணுக்கும். மகளுக்குத் தொந்தரவாகிவிடும் என்று பையின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டே நடப்பார். கடைசியில் பூஜை மணியை எடுத்து அடித்துப் பேனாவைக் கீழே வைக்கச் சொல்வார். எப்படி எழுதினாய் என்று கேட்டதே கிடையாது. டப்பாவை நீட்டிக்கொண்டு, "தல வலிக்குதா?" என்று மட்டும் கேட்பார். அவள் "லேசா" என்பாள். வாரா வாரம் இதே கேள்வி, இதே பதில். கார்த்திகேசன் இதைப் பார்த்து அடித்த கேலிக்கு அளவில்லை.

நிஜப் பரீட்சைக்கும் தானே டப்பாவோடு வந்து நிற்பதாகத்தான் அப்பா சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதுகூட அதை மறக்காமல் பையில் போட்டுக்கொண்டார். விடியற்காலையில் நர்ஸ் சட்டையை மடித்துக் கொடுத்தபோது டப்பா அதற்குள் இருந்தது.

சிதம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. பள்ளிக்கூட வாசலில் ஊர்ப்பட்ட கூட்டம். பிள்ளைகளைவிடப் பெற்றவர்கள்தான் அதிகம். ஒரு அம்மா மகளின் துப்பட்டாவை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். ஒரு அப்பா மகனின் அரைஞாண் கயிற்றைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். கார்த்திகேசன் டப்பாவை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான். "அப்பா குடுத்தாரு" என்றான்.

அதே நேரம் போன் அடித்தது. இளவரசு சித்தப்பா. தங்கை காதில் விழக்கூடாதென்று நாலடி தள்ளிப் போய், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினான். ஐஸ் பெட்டி வந்துவிட்டது, அப்பாவைக் கூடத்தில் கிடத்தியாயிற்று, எப்போது எடுப்பது என்று பங்காளிகள் கேட்கிறார்கள் என்றார். அப்புறம் பேசுறேன் சித்தப்பா என்று வைத்துவிட்டுத் திரும்பினான். கயல்விழி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டு, டப்பாவை மூடி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். போன வருஷம்போல அழவில்லை. வெறும் மூக்கும் வெறும் காதுமாக முகம் சின்னதாகத் தெரிந்தது. டப்பாவை அவன் கையில் வைத்தாள்.

"அம்மா கூட யாரு இருக்காண்ணா?" என்றாள்.

"சித்தப்பா இருக்காரு. எல்லாரும் இருக்காங்க."

தலையை ஆட்டினாள். ஹால்டிக்கெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். ஒரு தரம் திரும்பி, வெயிலில் நிற்காதே என்று கையைக் காட்டினாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். கார்த்திகேசனுக்கு அப்பாடா என்று இருந்தது. அம்மா ஒப்படைத்த காரியத்தை ஒரு சொதப்பலும் இல்லாமல் முடித்துவிட்டதாக நினைத்தான்.

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான், கடைத்தெருவில் ஏதாவது தொலைந்துவிடப் போகிறதே என்று டப்பாவைத் திறந்து பார்த்தான். மூக்குத்தி இருந்தது. தோடும் திருகாணிகளும் இருந்தன. கொலுசு சுருண்டு கிடந்தது. எல்லாவற்றுக்கும் அடியில் அப்பாவின் மோதிரம் இருந்தது.

அவன்தான் போட்டான். விடியற்காலையில் நர்ஸ் சோப்பைத் தேய்த்து மெல்ல மெல்ல உருவிக் கொடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலிருந்த டப்பாவில் போட்டு மூடினான். போட்டதையே மறந்துபோனான். அவள் டப்பாவைத் திறந்தபோது அதில் மோதிரம் மட்டும்தான் இருந்திருக்கும். அதன்மேல்தான் மூக்குத்தியைக் கழற்றி வைத்திருக்கிறாள்.

டப்பாவை மூடிப் பையில் போட்டான். எழுந்து கேட்டை நோக்கி ஓடினான். சாத்தியாயிற்று. வாட்ச்மேன் என்ன தம்பி என்றார். என்ன சொல்வது? எங்கப்பா செத்துட்டாரு, என் தங்கச்சிக்கு அது தெரிஞ்சிபோச்சு, ஆனா அவ உள்ள எழுதிக்கிட்டிருக்கா என்றா? ஒன்றுமில்லை என்று திரும்பினான். அப்பா யாருக்கும் தெரியாமல் போய்ச் சேர்ந்திருந்தால்கூட இவ்வளவு கொடுமை இல்லை. அந்தப் பெண் எல்லாம் தெரிந்துகொண்டு கேள்வித்தாளைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பாவைப் பற்றிக் கேட்காமல் அம்மாவைப் பற்றி ஏன் கேட்டாள் என்பது இப்போதுதான் விளங்கியது. பள்ளிக்கூட மதிலோரம் ஒரு வேப்பமரத்தடியில் மூஞ்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். பக்கத்தில் நின்றவர்கள், யாருக்கோ ஹால்டிக்கெட் தொலைந்துவிட்டது போலும் என்று பரிதாபப்பட்டார்கள்.

நடுவில் அத்தை கூப்பிட்டாள். சேதி எட்டி, மேல்பட்டாம்பாக்கத்துக்கு ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தாள். "எங்கண்ணன் செத்த அன்னிக்கு என்னை இட்லி ஊத்த வெச்சிட்டியேடா" என்றாள். அவளாகவே கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, புள்ள உள்ள போயிட்டாளா என்று கேட்டு, போய்விட்டாள் என்றதும் வைத்துவிட்டாள்.

பிறகு சித்தப்பா மறுபடி பேசினார். குரல் கிசுகிசுப்பாக இருந்தது. வீட்டில் ஒரு சத்தம் இல்லையாம். அழ வந்த பொம்பளைகளை மாலதி வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்திவிட்டாளாம். இன்னிக்கும் ஞாயித்துக்கெழமதான், பரீட்ச முடியுற வரைக்கும் இந்த வீட்டுல சத்தம் கூடாதுன்னு அவரு சொல்லி வெச்சிருக்காரு என்றாளாம். மேளக்காரர்களும் தெருமுனையிலேயே உட்கார்ந்திருக்கிறார்களாம். இழவு வீட்டில் இது என்ன கூத்து என்று பெரியவர் ஒருவர் முனகியிருக்கிறார். எதிர்வீட்டு அம்மாள்தான், அவுங்க வீட்டுல வாரா வாரம் இப்பிடித்தான் என்று அவரை அடக்கினாளாம். ரத்தினம்மாள் அத்தையும் போய், வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அண்ணன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள் என்று சித்தப்பா சொன்னார்.

வெயில் தாழ்ந்தது. உள்ளே நீளமாக மணி அடித்தது. கூட்டம் மொத்தமும் கேட்டுக்கு நகர்ந்தபோது கார்த்திகேசன் பின்னால் நின்று போனை எடுத்தான். அம்மாதான் எடுத்தாள்.

"மணி அடிச்சிட்டாங்களாடா?"

"அடிச்சிட்டாங்கம்மா."

அம்மா போனை வைக்கவில்லை. பக்கத்தில் திரும்பி யாரிடமோ, "அடிச்சிட்டாங்களாம்" என்றாள். அவ்வளவுதான். முதலில் அத்தையின் குரல் கேட்டது. அடுத்து எல்லாக் குரல்களும் சேர்ந்து எழுந்தன. அம்மாவின் குரலை அவன் அதற்குள் தேடினான். அது கடைசியாக வந்தது, அப்பாவின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. பிறந்த நாளிலிருந்து அம்மா அந்தப் பேரைச் சொல்லி அவன் கேட்டதே இல்லை. தெருமுனையில் மேளம் தொடங்கியதும் போனை அணைத்தான்.

கயல்விழி கடைசிக் கூட்டத்தோடு வெளியே வந்தாள். சுற்றிலும் பிள்ளைகள் விடைகளைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். நேராக அண்ணனிடம் வந்து கையை நீட்டினாள். அவன் டப்பாவைத் திறந்து பிடித்தான். மூக்குத்தியைப் போட்டுத் திருகினாள். தோட்டைப் போட்டாள். ஒரு திருகாணி பிடிக்காமல் நழுவி நழுவிப் போனது. அவன்தான் அவள் காது மடலைப் பிடித்துக்கொண்டு மாட்டிவிட்டான். அதுவரை அவன் அவள் காதைத் திருகியதுதான் உண்டு. குனிந்து கொலுசைப் போட்டுக்கொண்டாள். மோதிரத்தை அவள் தொடவில்லை. டப்பாவை மூடி அவன் சட்டைப் பையில் அவளே வைத்தாள்.

எவ்வளவோ கேட்க நினைத்தான். எப்போது பார்த்தாய், எப்படி எழுதினாய், எப்படி உன்னால் முடிந்தது என்று வாய்வரை வந்தது. அம்மா அழுதுவிட்டாள் என்று சொல்லவும் நினைத்தான்.

"தல வலிக்குதா?" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. உதடு மட்டும் ஒரு தரம் கோணிச் சரியானது.

"லேசா" என்றாள்.

இருவரும் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்கள். அவன் பையில் மோதிரம் டப்பாவோடு மோதி, அடிக்கு அடி கிணுகிணுத்துக்கொண்டே வந்தது. பரீட்சைதான் முடிந்துவிட்டதே என்று, அவன் அதன்மேல் கையை வைக்கவில்லை.