தெற்கே போகாத கழுகு

பனி விழத் தொடங்கியதும் இளங்கழுகுகள் தெற்கே கிளம்பிவிட்டன. கோடையில் பறவை ஆய்வாளரான மார்லிஸ் மரமேறி, கூட்டிலிருந்த குஞ்சுகளின் முதுகில் கருவி கட்டிவிட்டிருந்தாள். செயற்கைக்கோள் வழியாக வரும் தகவலில் ஒவ்வொன்றும் அவள் கணினியில் ஒரு புள்ளியாக நகரும். ஒன்று மட்டும் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில வடகோடியில் ஓர் ஏரிக்கரையை விட்டு அசையவே இல்லை. செத்துத்தான் கிடக்கிறது என்று எண்ணியவள், உடலையாவது எடுத்து வரலாமென்று கனத்த மனத்தோடு வண்டியை எடுத்தாள்.

அங்கே கழுகைக் காணோம். உறைந்த ஏரியின் மேல் வெள்ளைப் படுதா ஒன்று கிடந்தது. அது தும்மியது.

"யாரும்மா அது? நிக்காத, படு! அவன் வர்ற நேரம்."

படுதாவுக்குள் மீன்வலையோடு பதுங்கியிருந்தவர் வெர்னர் ஹக்காலா. கரையில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி. "ஒரு பருந்துப்பய. முதுகுல தூண்டில் கம்பி சிக்கியிருக்கு. புடிச்சு எடுத்துவிடலாம்னு தினமும் மீன் வைக்கிறேன். தின்னுட்டு, எனக்குப் பெப்பே காட்டிட்டுப் போயிடுறான்!"

மார்லிஸுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அது கம்பி இல்லைங்க, ஏரியல். நான் கட்டினது. அவன் பருந்தும் இல்ல, வெண்தலைக் கழுகு."

"யாருகிட்ட கதை விடுற? தலை பூரா பழுப்பால்ல இருக்கு!"

"உங்க தலை மட்டும் பொறந்தப்பவே வெள்ளையா இருந்துச்சாக்கும்? அவனுக்கும் நாலஞ்சு வருஷம் போகணும்."

அதற்குள் இறக்கையை விரித்து வந்து இறங்கியது கழுகு. இருவரையும் சட்டையே பண்ணாமல் மீனைக் கிழித்துத் தின்றது. நன்றாகக் கொழுத்திருந்தது. உயிரோடு அதைப் பார்த்ததில் மார்லிஸின் கண் கலங்கியது.

வெர்னரின் வீட்டில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கிடைத்தன. தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்: "உங்க விருந்தை விட்டுட்டுப் போக அவனுக்கு மனசு வரல. இனிமே மீன் வைக்காதீங்க."

"பட்டினி போடச் சொல்றியா?"

"தானா வேட்டையாடக் கத்துக்கணும்ல?"

அவர் முகம் வாடிப்போயிற்று. ஆனாலும் மறுநாளிலிருந்து மீன் வைப்பதை நிறுத்திவிட்டார். சில நாளில் புள்ளி நகர்ந்தது. அன்றிலிருந்து மாலை தவறாமல் மார்லிஸுக்கு வெர்னரிடமிருந்து தொலைபேசி வரும்.

"எங்க இருக்கான்?"

"தெற்கே அயோவால. மிசிசிப்பி ஆத்து அணைக்குக் கீழ. அங்க தண்ணி உறையாது."

"என்ன திம்பான்?"

"கெளுத்தி கிடைக்குமே."

"சேத்துல கிடக்குற கெளுத்தியா!" வெர்னர் பதறிப்போனார். "நான் வளத்த வளப்பென்ன, அவன் திங்கிற தீனியென்ன!"