அத்துமீறி நுழைந்த கிறிஸ்மஸ் தாத்தா

வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றதற்காகக் கஸ்பரைத் தேயிலைத் தோட்டத்தை விட்டு நீக்கியிருந்தார்கள். அவன் வட்டவளைக் கடைத்தெருவில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தான். மனைவி சிசிலிக்குத் தோட்டத்து வேலைப் பதிவில் பேர் இருந்ததால் அவளும் மகளும் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே தங்கிவிட்டார்கள். கஸ்பர் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பது தோட்டத்தை நடத்தும் துரையின் உத்தரவு.

அந்த மார்கழியில் துரை தேயிலை ஸ்டோர் முற்றத்தில் திரை கட்டி ஓர் இங்கிலீஷ் படம் போட்டார். சிவப்புக் கோட்டு போட்ட வெள்ளைத் தாடிக் கிழவர் ஒருவர் புகைபோக்கி வழியாக வீடு வீடாக இறங்கிப் பொம்மை வைத்துவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு மாதா கோயிலில் பார்த்தபோது மகள் கேட்டாள்.

"அப்பா, அந்தத் தாத்தா நம்ம லயத்துக்கு வருவாராப்பா?"

"வருவாரும்மா" என்று சொல்லிவிட்டான் கஸ்பர். சொன்னபிறகு வராமல் இருக்க முடியவில்லை.

கிறிஸ்மஸுக்கு முதல்நாள் பொழுது சாயும் நேரம், பேக்கரி முதலாளியம்மாவின் சிவப்புச் சேலையைச் சுற்றிக்கொண்டு, பஞ்சுத் தாடியோடு, ஒரு சாக்குப் பன்னுடன் லயத்துக்குப் போனான். பாதிச் சாக்கு தீர்வதற்குள் காவல்காரன் பொன்னையா பிடித்துவிட்டான். பொலிஸார் தாடியைத் தடயப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள்.

அட்டன் கோர்ட்டில் கஸ்பரின் வக்கீல் முத்துலிங்கம் துரையைக் கேட்டார்: "நீங்கள் காட்டிய படத்தில் அந்தக் கிழவர் யாரிடமாவது அனுமதி வாங்கினாரா?"

"அது படம்."

"புகைபோக்கிக்காரர் இந்தக் கோர்ட்டின் முன் இல்லை" என்றார் நீதவான். குற்றம் செய்யவோ, யாரையாவது தொந்தரவு செய்யவோ நினைத்து நுழைந்தால்தான் தண்டிக்க முடியும் என்று விளக்கிவிட்டுப் பொன்னையாவின் பக்கம் திரும்பினார்.

"இவரால் உமக்குத் தொந்தரவு உண்டா?"

"இல்லீங்கய்யா. பன்னு குடுத்தாருங்க."

"சாப்பிட்டீரா?"

"பிடிச்சதுக்கப்புறந்தாங்க சாப்பிட்டேன்."

"எனக்குத் தொந்தரவாக இருந்தது" என்றார் துரை.

"அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?"

"நுவரெலியாவில்."

கஸ்பர் விடுதலையானான். மறுநாளே துரை, தாடி வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியாள் எவரும் உள்ளே வரக் கூடாது என்று புது உத்தரவு போட்டார். கஸ்பருக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

சிசிலி யாரிடமும் யோசனை கேட்கவில்லை. "நீங்க வந்தாத்தான குத்தம்? நாங்க வெளிய வந்தா எந்தக் கோர்ட்டு கேக்கும்?" என்றாள். சம்பளம் வாங்கிய கையோடு பேரை வெட்டச் சொன்னாள். பிறந்ததிலிருந்து இருந்த லயத்தை அவள் பூட்டக்கூட இல்லை.

தோட்டத்து எல்லைப் பாலத்தின் வெளிப்பக்கம் கஸ்பர் நின்றான். லயத்துச் சனங்கள் சட்டிபானைகளைப் பாலம் வரை கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மிக்கல்லைப் பொன்னையா தூக்கிவந்தான். கஸ்பர் எல்லைக் கோட்டைத் தாண்டாமல், கையை மட்டும் நீட்டி ஒவ்வொன்றாக வாங்கினான். கடைசியாக மகளைத் தூக்கிக் கொடுத்தார்கள்.