சிவக்காத முகம்

கறுத்த தோலுக்கு வெயில் உறைக்காது என்று முதன்முதலில் வாய் கூசாமல் சொன்னவர் யாரோ தெரியவில்லை. கிடைத்தால் அவரை அழைத்துவந்து, ஆகஸ்ட் மாதத்தில் அரபு அமீரகத்துப் புஜைராவில், எண்ணெய்த் தொட்டியின் உச்சியில் அரை நாள் நிற்க வைக்க வேண்டும். இரும்புத் தகடு காலைச் சுடும், சூரியன் தலையைச் சுடும், பக்கத்துக் கடல் தன் பங்குக்குக் காற்றை ஈரத்துணி மாதிரி மூஞ்சியில் அப்பும். வீரபாண்டி இதையெல்லாம் வருஷக்கணக்கில் அனுபவித்தவன். ஆனாலும் அந்தப் பேச்சை அவனும் நம்பினான். என்னத்தைச் சொல்ல!

அவன் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஆள். தொட்டிகளைச் சுற்றிச் சாரம் கட்டும் ஆட்களுக்கு ஃபோர்மேன். அவனுடைய தங்கை விஜியின் புருஷன் கார்மேகத்துக்கு விசா ஏற்பாடு செய்து அந்தக் கோடையில் வரவழைத்ததும் அவன்தான். கார்மேகம் விமானம் ஏறிய அன்று விஜி போனில் அழுதாள்.

“அண்ணே, ஒன்ன நம்பித்தான் அனுப்புறேன்.”

“அட, எதுக்குடி அழுகுற? எங்கண்ணு முன்னாடிதான இருக்கப் போறாரு” என்றான் வீரபாண்டி.

சொன்னபடி கண் முன்னாலேயேதான் வைத்திருந்தான். ஆனால் ஒரு சங்கடம். தங்கச்சி புருஷனுக்குச் சலுகை காட்டுகிறான் என்று ஒரு பயல் சொல்லிவிடக் கூடாதே. அதனால் மற்றவர்கள் நிழலில் ஒரு நிமிஷம் கூடுதலாக உட்கார்ந்தால் கண்டுகொள்ளாதவன், மாப்பிள்ளை உட்கார்ந்தால் மட்டும் தொண்டையைச் செருமுவான். கார்மேகமும் புரிந்துகொண்டு சிரித்தபடி எழுந்துவிடுவான். எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற ஆள் அவன். ஆட்கள் தங்கும் கேம்ப்பில் அவன் இருக்கிற ரூமில்தான் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

கோடைத் தொடக்கத்தில் சேஃப்டி ஆபீசர் ஹசன் அலி எல்லோரையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். திரையில் ஒரு மனிதனின் படம் வந்தது. முதலில் சாதாரண முகம், அடுத்து லேசான சிவப்பு, கடைசியில் தக்காளிப்பழம். “முகம் சிவந்தா கலாஸ், வேலை போதும், உடனே கீழே இறக்கு” என்று இந்தியில் சொல்லிவிட்டு, வீரபாண்டியின் கையில் ஒரு பச்சைப் பட்டையைக் கட்டிவிட்டார். வெயிலில் யாருக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இனி அவனுடையது. வீரபாண்டி அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து சாரத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பான். ஏமாற்று வேலை கிடையாது, உண்மையாகவே பார்ப்பான்.

அந்தக் காலையில் தொட்டியைப் பரிசோதிக்க ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் மேலே வந்திருந்தார். கிரெய்க் என்று பெயர். வந்து கொஞ்ச நேரத்திலேயே அவர் கழுத்தில் சிவப்பு ஏறி, காது வரை பரவிவிட்டது. மனுஷர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்பாட்டுக்குத் தகட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வீரபாண்டிதான் பதறிப்போய் ரேடியோவில் கத்தினான். இரண்டு பேர் ஓடிவந்தார்கள், வேண்டாம் வேண்டாம் என்றவரைத் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். கீழே ஏசி அறை, ஐஸ் பை, அப்புறம் வண்டி, ஆஸ்பத்திரி. “ஷாபாஷ், வீரபாண்டி பாய்!” என்று ரேடியோவிலேயே பாராட்டினார் ஹசன் அலி. வீரபாண்டிக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அந்தக் குளிர்ச்சியோடு திரும்பியபோது, இரும்புக் குழாயைத் தோளில் வைத்தபடி கார்மேகம் நின்றிருந்தான்.

“மச்சான், எனக்கும் ஒரு மாதிரி கிறுகிறுன்னு வருது. செத்த எறங்கட்டுமா?”

வீரபாண்டி அவன் முகத்தை நன்றாகப் பார்த்தான். காலையில் பார்த்த அதே கறுப்பு முகம். சிவப்பின் சுவடே இல்லை. வேர்வைகூட இல்லை, காய்ந்துதான் இருந்தது.

“வெள்ளைக்காரனப் பாத்து ஒமக்கும் ஆச வந்துருச்சா மாப்ள? அவன் வெண்ண, உருகிப்போயிருவான். நம்ம நெறத்துக்கு வெயில் என்னய்யா பண்ணும்?” என்று சொல்லிச் சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். உகாண்டாக்காரன் ஒகெல்லோ மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குத் தமிழ் புரியாது என்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கார்மேகம் குழாயைக் கீழே போட்டான். “பரமக்குடி பஸ்ஸு போயிருச்சா?” என்று கேட்டான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “டிக்கெட் எடுத்துட்டீரா மாப்ள?” என்று வீரபாண்டியும் சேர்ந்துகொண்டான்.  கார்மேகம் பஸ் நிற்கிற திசை தெரிந்தவன் போலத் தொட்டியின் விளிம்பை நோக்கி நடந்தான். ஒகெல்லோ பாய்ந்து அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்திராவிட்டால் கீழே விழுந்திருப்பான். பிடித்த கையிலேயே கார்மேகம் மடங்கிச் சரிந்தான். உடம்பு இஸ்திரிப் பெட்டியாகக் கொதித்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

ஆஸ்பத்திரி நடையில் கிரெய்க் உட்கார்ந்து பழச்சாறு குடித்துக்கொண்டிருந்தார். வீரபாண்டியைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்து நன்றி சொன்னார். முகம் பழைய நிறத்துக்கு வந்திருந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்களாம். கார்மேகத்தைக் கதவுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

வெளியே வந்த டாக்டர் சந்திரகலா தமிழிலேயே பேசினார். “உடம்புல இவ்வளவு சூடு ஏறுற வரைக்கும் எப்படிங்க விட்டீங்க? இவருக்கு முடியலைன்னு யாருமே பாக்கலையா?”

“நான் பாத்தேன் டாக்டர். மொகத்தையேதான் பாத்துக்கிட்டிருந்தேன். செவக்கவே இல்ல.”

 டாக்டர் வீரபாண்டியின் கையில் இருந்த பச்சைப் பட்டையைப் பார்த்தார். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தார்.

“இவர் முகம் எப்படிங்க சிவக்கும்?” என்றார் மெதுவாக. “உங்க முகம் சிவக்குமா? என் முகம்? நாங்க படிச்ச புத்தகத்துலயும் வெள்ளைக்காரங்க படம்தான். நானும் ஒருதடவை ஏமாந்திருக்கேன்.”

 வீரபாண்டி ஹசன் அலியின் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தான். ராமநாதபுரம், பீகார், உகாண்டா. சிவக்கிற முகம் ஒன்றுகூட இல்லை. கோடை முழுக்க எதைத் தேடி அத்தனை முகங்களையும் பார்த்தான்? இந்த ஊரில் எத்தனை தொட்டி, எத்தனை சாரம், எத்தனை பச்சைப் பட்டை!  இன்னும் தொட்டியின் மேல் நிற்கும் ஒகெல்லோ ஞாபகம் வர, சைட்டுக்குப் போன் போட்டான்.

“எல்லாரையும் எறக்கு. மொகத்தப் பாக்காத, என்ன பண்ணுதுன்னு ஒவ்வொருத்தனையும் வாய் விட்டுக் கேளு!”

சைட்டில் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார்கள். ஒகெல்லோவுக்குக் காலையிலிருந்தே தலைவலியாம், இறங்கியதும் வாந்தி எடுத்தானாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, கார்மேகம் தலையைத் தொட்டுக் காட்டிச் சொன்னபோது எல்லோரும் சிரித்ததைப் பார்த்தேனே என்றானாம்.

கார்மேகத்தின் சிறுநீரகம் முதலில் நின்றது. மறுநாள் மதியம் மூச்சும் நின்றது. ஹசன் அலி வந்து வீரபாண்டியின் தோளைத் தட்டினார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “உன்மேல தப்பு இல்ல பாய். முகம் சிவக்கல. சிவக்காததை நீ எப்படிப் பார்ப்ப? கம்பெனியிலயும் அதையேதான் சொல்லியிருக்கேன்” என்றார். வீரபாண்டி தலையாட்டினான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் காலத்துக்கும் தப்பித்துக்கொள்ளலாம் போலத்தான் இருந்தது.

ஊரில் விஜி ஒருநாள் முழுக்க அழுது ஓய்ந்த பிறகு, அவளே போன் செய்தாள். குரல் கம்மிப்போயிருந்தது.

“அண்ணே, என்ன நடந்துச்சுன்னு நீ சொல்லு. ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக.”

“வெயில் தாக்கிருச்சு விஜி. வெளிய ஒண்ணுமே தெரியல. மொகம் செவந்தா எறக்கணும்னு சொல்லிக்கொடுத்திருந்தாக. இவருக்குச் செவக்கல. அன்னைக்கே ஒரு வெள்ளைக்காரருக்குச் செவந்துச்சு, ஒடனே எறக்கிட்டோம். பொழச்சுக்கிட்டாரு.”

“அவரு முடியலன்னு சொன்னாரா?”

“யாரு?”

“அந்த வெள்ளைக்காரரு.”

“இல்ல. அவரு ஒண்ணும் சொல்லல. எறங்க மாட்டேன்னுதான் சொன்னாரு. நாங்கதான் கட்டாயப்படுத்தி எறக்குனோம்.”

 விஜிக்குப் பின்னால் யாரோ பெண்கள் பேசுவது கேட்டது.

“இவுக முடியலன்னு சொன்னாகளா அண்ணே?”

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. ஊருக்கும் தெரியாது, கம்பெனிக்கும் தெரியாது. கேம்ப்பில் இருப்பவர்கள் அவனைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். வீரபாண்டி வாயைத் திறந்தான். 

“சொன்னாரு.”

“என்னன்னு?”

“கிறுகிறுன்னு வருது, செத்த எறங்கட்டுமான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“சிரிச்சேன், விஜி.”

அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டான். அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. சின்னப் பிள்ளையிடம் விளங்காத ஒன்றை விசாரிப்பது போலக் கேட்டாள்.

“வாயத் தொறந்து சொன்னவுகள விட்டுட்டு, சொல்லாதவர எறக்கிருக்க. ஏன் அண்ணே?”

 அவள் போனை வைக்கவில்லை, அவன் பதிலுக்குக் காத்துக்கொண்டே இருந்தாள்.