வெள்ளகவி இறக்கம்

பென்சனுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். பொறாமை வந்து ஆறரை மாதம்.

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்கு வேலை அவனுக்கு. மனைவி ரெஜினா நர்ஸ். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருடம், மாதாமாதம், ரோடே இல்லாத வெள்ளகவிக்குத் தடுப்பூசிப் பெட்டியோடு நடந்தே இறங்கியவள். பெட்டியைச் சுமந்து கூட வந்தவன் அந்த ஊர்க்காரன் செல்லப்பாண்டி. வீட்டில் பல்பு மாட்டினால்கூட, "பாண்டியா இருந்தா ஸ்டூல் இல்லாமலே மாட்டிருவான்" என்பாள்.

அந்தப் பாண்டியை ஒரு தடவை பார்த்துவிடத்தான், 2006 பொங்கல் லீவில், வட்டக்கானலிலிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை டிரெக்கிங் போகலாம் என்று ஆரம்பித்தான் பென்சன். குட்டையாக, வழுக்கையாக ஒருத்தன் வரவேண்டுமென்று ஜெபித்திருந்தான். கர்த்தர் செவிகொடுக்கவில்லை. வழிகாட்ட வட்டக்கானலுக்கே வந்து நின்ற செல்லப்பாண்டி நெடுநெடுவென்று, தலை நிறைய முடியோடு இருந்தான்.

இறக்கம்தானே, உருண்டாவது போய்ச் சேரலாம் என்ற கணக்கும் தப்பியது. ஒரு மணி நேரத்தில் முட்டி இரண்டும் ஆபீஸ் டைப்ரைட்டர் மாதிரி தடதடத்தன. முன்னால் அவர்கள் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏலே பாண்டி, மூக்கம்மா மகனுக்கு நடை வந்துருச்சா?"

"நடையா? ஆட்டை வெரட்டிக்கிட்டு ஓடுறான் நர்சம்மா. நீங்க குத்துன ஊசிக்கு இன்னும் உங்களைத்தேன் வையிறான்."

இருவரும் சிரித்தார்கள். பென்சனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக. பாண்டிக்கு 'ஏலே'. கட்டிய புருஷனுக்கு 'என்னங்க'. கேஸ் சிலிண்டர்காரனுக்கும் அதே 'என்னங்க'தான்.

ஊரே சாமி குடியிருக்கும் இடம் என்று வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊர் எல்லையில், யாரும் சொல்லாமலே ரெஜினா செருப்பைக் கழற்றினாள்.

"கொண்டாங்க நர்சம்மா, பையில போட்டுக்கிறேன்" என்று செல்லப்பாண்டி குனிந்தான்.

பென்சன் பாய்ந்து எடுத்துவிட்டான். கழுத்தில் தன் ஷூ, கைக்கொன்றாக மனைவியின் செருப்பு. அந்தக் கோலத்தில் ஊரைக் கடந்தான்.

"நர்சம்மா, வீட்டுக்காரரை நல்லாப் பழக்கி வச்சிருக்கீக!" என்றாள் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி. தெருவே சிரித்தது.

ஊர் தாண்டியதும் செல்லப்பாண்டி ஓடையைப் பார்க்க முன்னால் போனான். பென்சனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஒண்ணு கேக்கணும். அவன் உன்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டானா?"

ரெஜினா நடையை நிறுத்தவில்லை. "கேட்டான்."

பென்சன் ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டான். "நீ என்ன சொன்ன?"

"வேணாம்னேன். அடுத்த மாசமும் பெட்டி தூக்க வெள்ளனே வந்து நின்னான். மூஞ்சியக்கூடச் சுளிக்கல."

"ஏன் வேணாம்னே?"

"கட்டிக்கணும்னு தோணல. உங்களைப் பாத்தப்ப தோணுச்சு. அவ்வளவுதேன். வெரசா நடங்க."

இன்னும் நாலு காரணம் சொல்வாள் என்று அடுத்த வளைவு வரை காத்திருந்தான். சொல்லவில்லை.

கீழே ஓடை இரைந்துகொண்டிருந்தது. ஓடைக்கு நடுவில் ஒரு பாறைமேல் நின்று செல்லப்பாண்டி கை நீட்டினான். "வழுக்கும் நர்சம்மா, பிடிச்சுக்கங்க."

ரெஜினா கை நீட்டுவதற்குள் பென்சன் தாவி பாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டான். கால் வழுக்கியது. மறு கையாலும் பிடித்தான். மரம் மாதிரி உறுதியான கை. இப்படிப்பட்ட ஒருத்தனையா வேண்டாமென்றாள் என்று, எதிராளிக்காக ஒரு கணம் அவனுக்கே வருத்தமாக இருந்தது.

ரெஜினா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யார் கையும் தேடாமல், அடுத்த பாறை வழியாக அக்கரை சேர்ந்துவிட்டாள். அங்கிருந்து இரண்டு பேரையும் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் தனக்கு எவ்வளவு, அவனுக்கு எவ்வளவு என்று பங்கு பிரித்தபடியே, பாண்டியின் கையைப் பிடித்து மிச்சப் பாறைகளைத் தாண்டினான் பென்சன்.

"சார்," என்றான் செல்லப்பாண்டி, "கரை வந்துருச்சு. கையை விடுங்க."